முப்பத்திரண்டு வயதுப் பாட்டு

1982ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் முப்பத்திரண்டு வயது ஆண் ஒருவனின் காதல் தடுமாற்றத்தைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். ஓரிரு நாளாகத் தனக்கு என்னவோ ஆகிவிட்டது, இந்த வயதிலா இப்படி என்று அவன் கூச்சப்படுகிறான். பாட்டின் தலைப்பிலேயே அவன் வயதைப் போட்டிருந்தார்கள். பாடிய பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு என்பது அப்பா, சித்தப்பாமாரின் வயது. அதை எழுதிய ஹென்னி வ்ரீன்டனுக்கோ அது ஏறக்குறையத் தன் சொந்தக் கதை. 1948இல் பிறந்த மனிதர் அவர். மேடையில் நின்று குனிந்து பார்த்தால் முன்வரிசையில் மகள் வயதுப் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள்.

அந்தக் குழுவின் பெயர் டூ மார். 'சரி, செய்து பார்' என்கிற அளவில் எடுத்துக்கொள்ளலாம். 1978இல் தொடங்கி, 1981 முதல் 1984 வரை ஒரு நாட்டையே ஆட்டிப்படைத்து, புகழின் உச்சியில் தாமாகவே கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்கள். நான் நெதர்லாந்தில் வந்து இறங்கியது 1985இல். குழு கலைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆகவே நான் அவர்களின் இரசிகனானது எல்லாம் முடிந்த பிறகுதான். இவ்வளவு காலம் கழித்தும் அவர்களைப் பற்றி எழுதத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. சிரிப்பும் துள்ளலுமாக அவர்கள் பாடி வைத்ததைக் கேட்க, அந்த இரசிகர்களுக்கு வயதாக வேண்டியிருந்தது. எனக்கும் வயதாக வேண்டியிருந்தது.

டூ மாருக்கு முன்பு நெதர்லாந்தின் றொக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடின. ஷொக்கிங் புளூ குழுவின் 'வீனஸ்' 1970இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கோல்டன் இயரிங்கின் 'ரேடார் லவ்' உலகம் முழுவதும் ஓடியது. வெளியே போக ஆங்கிலம் வேண்டும், சொந்த மொழி பாட்டிமாருக்கும் திருவிழாக் கூத்துக்கும் என்பதுதான் பொது எண்ணம். அறுபதுகளில் பௌடவைன் டி ஹ்ரோட் போன்ற சிலர் டச்சு மொழியில் அருமையாகப் பாடியிருந்தார்கள். ஆனாலும் மின்கிற்றாரும் இளம் வயதும் சேர்ந்த இடத்தில் ஆங்கிலமே ஆட்சி செய்தது.

டூ மாரைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஏர்ன்ஸ்ட் யான்ஸ். பிராபண்ட் மாகாணத்தில் நேர்கண்ட் என்ற சிற்றூரில், பழைய பண்ணைவீடு ஒன்றில் நண்பர்களோடு கூட்டாக வாழ்ந்தவர். ஸீஸீஸீ இங்க் என்ற நாட்டார் இசைக் குழுவில் ஊர் ஊராகப் பாடியவர். நீண்ட தலைமுடி, மரக்கறித் தோட்டம், கூட்டுச் சமையல் என்று எழுபதுகளின் கனவு அத்தனையும் அந்தப் பண்ணைவீட்டில் இருந்தது. அவரும் கிற்றார்க்காரர் யான் ஹென்றிக்ஸும் மற்றவர்களுமாக 1979இல் வெளியிட்ட முதல் தொகுப்பைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் வ்ரீன்டன் பேஸ் கிற்றாரோடு வந்து சேர்ந்தார். அவரும் புதியவர் அல்ல. ரூபி கார்மைக்கேல் என்ற புனைபெயரில் ஆங்கிலத்தில் பாடிப் பார்த்தவர்தான். முப்பதைத் தாண்டிய, ஏற்கெனவே சுற்றிக் களைத்த மனிதர்கள் சேர்ந்து செய்த குழு இது. பதின்ம வயதுப் பிள்ளைகளின் தெய்வங்களாவோம் என்று அவர்களில் ஒருவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

வ்ரீன்டன் வந்ததும் இசை மாறியது. ஜமெய்க்காவின் ஸ்காவும் ரெகேயும் அப்போது இங்கிலாந்து வழியாக ஐரோப்பாவுக்குள் வந்து, நியூ வேவ் என்ற புதிய அலையோடு கலந்துகொண்டிருந்தன. டூ மார் அதை எடுத்து டச்சு மொழிக்குப் பொருத்தினார்கள். ஒரு பாட்டைப் போட்டுக் காதைத் தீட்டிக் கேட்டால் தெரியும். கிற்றார் தாளத்தின் மேல் விழுவதில்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் 'சக்' என்று வெட்டிவிட்டு விலகும். கீபோர்ட் அந்த வெட்டை எதிரொலிக்கும். இடம் காலியாக இருப்பதால் பேஸ் முன்னுக்கு வந்து தனியொரு மெட்டைப் பாடும். பாடகர் ஒரு மெட்டில் போக, அவருடைய விரல்கள் கீழே இன்னொரு மெட்டில் போகும். மூக்கால் கொஞ்சம் சலித்துக்கொள்கிற குரல். சொற்கள் தினசரிப் பேச்சில் இருந்து எடுத்தவை. டச்சு மொழியின் கரடுமுரடான மெய்யெழுத்துகள் அந்த வெட்டுத் தாளத்துக்குள் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்துகொள்ளும் என்று அதுவரை யாரும் காட்டியதில்லை.

1981இல் வந்த 'ஸ்கங்க்' தொகுப்பில்தான் அந்த முப்பத்திரண்டு வயதுப் பாட்டு இருக்கிறது. அதே தொகுப்பில் 'நேடர்வீட்' என்று ஒரு பாட்டு. எழுதிப் பாடியவர் யான்ஸின் பழைய நண்பர் யோஸ்ட் பெலின்ஃபான்டே. வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா பயிரிடுவது எப்படி என்று விவசாய அதிகாரி வகுப்பெடுப்பதுபோல, விதைப்பதில் இருந்து ஆண் செடியைப் பிடுங்குவது வரை முறையாக விளக்குகிற பாட்டு அது. பண்ணைவீட்டு நண்பர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளச் செய்த வேடிக்கை. பெற்றோர் வாங்கிக் கொடுத்த இசைத்தட்டில் அதுவும் இருந்ததால் அடுத்த வருடமே பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

1982இல் 'டோரிஸ் டே' தொகுப்பு. தலைப்புப் பாட்டில் வீட்டில் சும்மா இருந்து சலித்துப்போன ஒருவன் தொலைக்காட்சியில் பார்க்க ஒன்றுமில்லை, டோரிஸ் டே நடித்த பழைய அமெரிக்கப் படம்தான் ஓடுகிறது, வெளியே போய் ஆடலாம் வா என்கிறான். அப்போது நெதர்லாந்தில் இரண்டே அலைவரிசைகள். மூன்றாவது வந்ததே 1988இல். சனிக்கிழமை மாலை சலிப்பு என்றால் முழு நாட்டுக்கும் ஒரே சலிப்பு. அதனால் அந்தப் பாட்டைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் அது தன் வீட்டுக் கூடமாகவே இருந்தது. அதே தொகுப்பில் 'இஸ் டிட் அல்லெஸ்' என்ற பாட்டும் உண்டு. வீடு, தளபாடம், வசதி எல்லாம் உள்ள ஒரு தம்பதி. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவுதானா வாழ்க்கை என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். நடனத்துக்கு ஏற்ற மெட்டு. கேள்வி மட்டும் உள்ளே போய்த் தங்கிவிடும்.

பிறகு அந்தப் பித்து. இளஞ்சிவப்பும் பச்சையும் குழுவின் நிறங்கள், அதுவும் கண்ணைக் கூசவைக்கும் மின்னல் நிறங்கள். நாடு முழுவதும் பிள்ளைகள் தலைப்பட்டியில் இருந்து காலுறை வரை அந்த இரண்டு நிறங்களில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். 'ஹிட்க்ரான்ட்' போன்ற இளைஞர் இதழ்கள் வாராவாரம் அவர்களின் படங்களைப் போட்டு விற்றன. கச்சேரிகளில் சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள். முதலுதவிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போவதும், தெளிந்து எழுந்து அவர்கள் மறுபடி முன்னே ஓடிவருவதும் வழக்கமான காட்சியாயின. பீட்டில்ஸுக்குப் பிறகு அந்த நாடு அப்படி ஒரு கூச்சலைக் கேட்டதில்லை. கூச்சலில் மேடையில் நின்றவர்களுக்குத் தங்கள் வாத்தியமே கேட்காமல் போனது. சொற்களைத் தேடித் தேடி எழுதியவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சொற்களில் எனக்கு மிக நெருக்கமானவை 'டி பொம்' என்ற பாட்டில் இருப்பவை. குண்டு என்று பொருள். படி, சான்றிதழ் வாங்கு, வேலை தேடு, சேமி என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். குண்டு விழுந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற பாட்டு. மெட்டு குதூகலமானது. விடுதலை நாள் ஊர்வலத்தில் வாசிக்கலாம் போல இருக்கும். அந்தக் காலத்து நெதர்லாந்தை அறிந்தால்தான் அந்தக் குதூகலத்தின் கனம் புரியும். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவின் 48 குரூஸ் ஏவுகணைகளை அந்தச் சிறிய நாட்டில் நிறுத்துவதாகத் திட்டம். அதை எதிர்த்து 1981 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் சுமார் 4 இலட்சம் பேர் திரண்டார்கள். 1983 அக்டோபரில் த ஹேக் நகரில் 5½ இலட்சம் பேர். ஒன்றரைக் கோடிக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நாட்டில் இந்த எண்ணிக்கை. அந்தப் பயத்தை மேடைப் பேச்சாளர்கள் மணிக்கணக்கில் விளக்கினார்கள். டூ மார் அதை மூன்று, நான்கு நிமிடத்தில் ஆடவைத்தார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது அந்த ஏவுகணை விவாதம் ஓயவில்லை. 1985 இலையுதிர் காலத்தில் 37 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசு அதையும் மீறி நவம்பர் 1ஆம் தேதி சம்மதம் சொன்னது. இந்தச் செய்திகளையெல்லாம் நாங்கள் ஒரு மலிவு விடுதியின் மாடியறையில், ஒருவர் தோளில் ஒருவர் இடிக்க இருந்து பார்த்தோம். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்களில் சுமார் 3,000 பேர் அந்த இரண்டு வருடங்களில் நெதர்லாந்துக்கு வந்திருந்தோம். எங்களை என்ன செய்வதென்று தெரியாத அரசு, படுக்கை, குளியல், பாண் என்று மூன்றைச் சேர்த்துப் பெயர் வைத்த ஒரு திட்டத்தில் எங்களை நிறுத்தியது. வேலை செய்ய அனுமதியில்லை. படிக்கவும் வழியில்லை. தூங்கலாம், குளிக்கலாம், சாப்பிடலாம்.

1986 ஏப்ரல் 30. அரசியின் நாள். அன்றைக்கு நெதர்லாந்தில் எவரும் தெருவில் விரிப்பை விரித்து வீட்டுப் பழைய பொருட்களை விற்கலாம், வரி கிடையாது. த ஹேக்கின் ஒரு தெருவோரத்தில் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் போர்வையொன்றை விரித்திருந்தாள். அதன் மேல் ஒரு காலத்தின் முழு எச்சமும் கிடந்தது. இளஞ்சிவப்பும் பச்சையுமான தலைப்பட்டிகள், முகம் பதித்த சட்டை ஊசிகள், நூலால் கட்டிய இதழ்க் கட்டு, மடிப்பு விழுந்த சுவரொட்டிகள், நான்கைந்து கசற்றுகள். சுவரொட்டியில் இருந்தவர்களைப் பார்த்தால் பாட்டுக்காரர்கள் போல இல்லை. களைத்த கண்களோடு சில ஆண்கள்.

"எல்லாம் ஒரு கில்டர்" என்றாள்.

"நல்ல பாட்டா?"

தோளைக் குலுக்கினாள். "சின்ன வயசில் கேட்டது. இப்போ யாரும் கேட்கிறதில்லை."

சின்ன வயது என்று அவள் சொன்னது மூன்று வருடத்துக்கு முந்தியது. நான் இரண்டு கசற் வாங்கினேன். கொடுக்கும்போது ஒன்றின் உள்ளட்டையை மட்டும் உருவி எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அதில் ஏதோ கையெழுத்து இருந்தது.

அன்றிரவு விடுதியில் போட்டோம். எங்கள் அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார், ஊரில் கணித ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்டர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் முதல் பாட்டு முடிவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது பைலாவெல்லோ?"

"இல்லை மாஸ்டர், ரெகே எண்டு சொல்லுறாங்கள்."

"என்ன கேயோ. தாளத்தைப் பார். ஆளை இருக்க விடுதே?"

அவர் சொன்னது சரி. எங்கள் கடற்கரையோரக் கல்யாண வீடுகளின் பைலாவுக்கும் இதற்கும் ஏதோ தூரத்து உறவு கேட்டது. தாளம் உடம்பைத் தூக்க, சொல் வேறெங்கோ நிற்கிற இசை. மொழி பிடிபடத் தொடங்கிய பிறகு 'டி பொம்' என்ன சொல்கிறது என்று மாஸ்டருக்கு விளக்கினேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "இவங்கள் விழப்போற குண்டுக்குப் பயந்து பாடுறாங்கள். நாங்கள் விழுந்த குண்டுக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். படிப்பும் பாஸும் என்னத்துக்கு எண்டது ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்" என்றார். சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தவர் அவர். அந்தப் பாட்டை அவரைவிடக் கவனமாகக் கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

யான்ஸைப் பற்றி அறிந்தது அதற்கும் பிறகு. அவருடைய தந்தை டச்சுக் கிழக்கிந்தியாவில் இருந்து, அதாவது இன்றைய இந்தோனேசியாவில் இருந்து வந்தவர். இரண்டு மண்ணுக்கும் நடுவே நின்ற குடும்பம். 1983இல், சிறுமிகள் அவர் பெயரைக் கத்திக்கொண்டிருந்த அதே வருடம், 'கிடெயொன்ஸ் ட்ரோம்' என்ற நாவலை வெளியிட்டார். தந்தையின் உலகத்தையும் தன் வேர்களையும் தேடிப் போகிற எழுத்து. இளஞ்சிவப்புத் தலைப்பட்டி கட்டிய கூட்டத்துக்கு முன்னால் இரவில் ஆடிவிட்டு, பகலில் இதை எழுதிய மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும். ஒல்லாந்தர் ஆண்ட இன்னொரு கரையில் இருந்து வந்தவன் என்பதால் அந்த மரியாதையில் கொஞ்சம் உறவும் கலந்திருக்கிறது.

1983இல் நான்காவது தொகுப்பு வந்தது. 'பா' என்ற பாட்டு அதில்தான். தந்தையிடம் மகன் பேசுகிறான்: நீங்கள் ஆசைப்பட்டது மாதிரி நான் ஆகமாட்டேன். அதுவும் பெரும் வெற்றி. ஆனால் குழுவுக்குள் சந்தோஷம் வற்றிவிட்டது. வீட்டு வாசலில் பிள்ளைகள் கூட்டம். கடைத்தெருவில் நடக்க முடியாது. மேடையில் இசை கேட்காது. 1984 பெப்ரவரியில் பிரிவை அறிவித்தார்கள். ஏப்ரல் 14ஆம் தேதி டென் பொஸ் நகரின் மாஸ்போர்ட் மண்டபத்தில் கடைசிக் கச்சேரி. இன்னும் இரண்டு வருடம் இழுத்திருந்தால் எவ்வளவோ சம்பாதித்திருக்கலாம். பாடுவது கேட்காத இடத்தில் பாடமாட்டோம் என்று முடிவெடுத்த அந்தக் குணத்தைத்தான், அவர்களின் எந்தப் பாட்டையும்விட நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர்கள் திறந்துவிட்ட கதவால் பலர் வந்திருந்தார்கள். டச்சு மொழியில் பாடுவது திடீரென்று வெட்கப்படவேண்டிய காரியமாக இல்லாமல் போனது. அவர்களில் வேடிக்கையில் டூ மாரையும் மிஞ்சியவர்கள் உட்ரெக்ட் நகரின் ஹெட் கூடெ டூல் குழுவினர். ஹெங்க் வெஸ்ட்ப்ரூக், ஹெங்க் டெம்மிங் என்று இரண்டு ஹெங்க்குகள். இவர்களின் 'பெல்கியெ' பாட்டில் ஒருவன் தன் நாட்டில் இருக்க முடியாமல் எங்கே போய்க் குடியேறலாம் என்று உலகப் படத்தைப் புரட்டுகிறான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குறை கண்டு தள்ளி, கடைசியில் பக்கத்து பெல்ஜியத்திலும் வேறு கோள்களிலும் போய் நிற்கிறான். அகதி விடுதியில் இருந்து அதைக் கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வெஸ்ட்ப்ரூக் பின்னாளில் அரசியலுக்கு வந்தார். 'லேஃப்பார் உட்ரெக்ட்' என்ற உள்ளூர்க் கட்சியை முன்னின்று நடத்தி, 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அதை நகரசபையின் மிகப் பெரிய கட்சியாக்கினார். பாட்டில் குறை சொன்னவர் சபையில் குறை சொல்லத் தொடங்கினார். அந்த அலையின் தேசிய வடிவமான 'லேஃப்பார் நெடர்லண்ட்' கட்சியைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 2001 நவம்பரில் அந்தக் கட்சி, குடியேற்றத்தை எதிர்த்துப் பேசிய பிம் ஃபோர்டௌனைத் தலைமை வேட்பாளராக்கியது. 2002 பெப்ரவரியில் விலக்கியது. மே 6ஆம் தேதி ஃபோர்டௌன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாட்டின் அரசியல் மொழி அதன் பிறகு மாறிப்போனது; வெளிநாட்டில் இருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் அதை அன்றாடம் உணர்ந்தோம். எண்பதுகளின் அந்தச் சிரிப்பு இங்கே வந்து சேரும் என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

டூ மார்க்காரர்கள் அமைதியான வழியைத் தேர்ந்தார்கள். வ்ரீன்டன் திரைப்படங்களுக்கும் சிறுவர் தொலைக்காட்சிக்கும் இசையமைத்தார். 1998இல் வந்த 'ஆபெல்ச்சே' சிறுவர் படத்தின் இசை அவருடையது. என் பிள்ளைகள் அவரை அறிந்தது அப்படித்தான். யான்ஸ் புத்தகங்கள் எழுதினார், தனியாகப் பாடினார், பின்னாளில் பொப் டிலானின் பாடல்களை டச்சு மொழியாக்கிப் பாடி ஒரு தொகுப்பும் தந்தார்.

பிறகு 2000ஆம் ஆண்டு மறுபடி சேர்ந்தார்கள். 'க்ளார்' என்று புதிய தொகுப்பு. ரொட்டர்டாமின் ஆஹோய் மண்டபத்தில் 16 கச்சேரிகள், அத்தனையும் முழுதாக விற்றுத் தீர்ந்தன. நான் ஒன்றுக்குப் போனேன். அதற்குள் எனக்கு வேலை, வீடு, குடியுரிமை எல்லாம் ஆகியிருந்தன. மண்டபத்தில் என்னைச் சுற்றி நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கைப்பைக்குள் கைத்தொலைபேசி, சிலரின் கழுத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமான சால்வை. பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது, இடைவேளையில் அவர்கள் வீட்டுக்குப் பேசிய பேச்சில் தெரிந்தது. 1982இல் பதின்மூன்று, பதினான்கு வயதாக இருந்த பிள்ளைகள் இவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இரவில் அவர்களுக்கு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வயது.

அந்தப் பாட்டு தொடங்கியபோது கூச்சல் எழுந்து உடனே அடங்கிவிட்டது. பிறகு முழு மண்டபமும் பாடியது. மேடையில் நின்ற வ்ரீன்டன் ஐம்பதைத் தொட்டவர், தலை நரைத்தவர். அவருக்கு இப்போது அந்த வயது பழைய கதை. பாடுகிறவர்களுக்கோ அது அன்றைய தினத்துச் செய்தி. ஒவ்வொரு சொல்லையும் தெரிந்து பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு பேஸை மட்டும் வாசித்தார். பேஸ் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அந்த நாளில் நான் இவர்களை மூன்று தடவை பார்த்தேன். பாட்டைக் கேட்டது இன்றைக்குத்தான்" என்றாள்.

அதற்குப் பிறகும் இடையிடையே மேடையேறினார்கள். 2012இல் ஆர்ன்ஹெம் நகர விளையாட்டரங்கில் முழு வாத்தியக் குழுவோடு பாடினார்கள். 2021இல் மறுபடி ஒரு சுற்றுப்பயணம் திட்டமிட்டு, வ்ரீன்டன் நோயுற்றதால் கைவிட்டார்கள். 2022 ஏப்ரல் 25ஆம் தேதி அவர் காலமானார். வயது 73. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அணுக்குண்டு என்ற சொல் பல வருடங்களுக்குப் பிறகு மாலைச் செய்திக்குத் திரும்பி வந்திருந்தது. அந்த வாரம் வானொலிகள் அவர் நினைவாகப் பாடல்களை அடுத்தடுத்து ஒலிபரப்பியபோது 'டி பொம்' பழைய பாட்டாகவே கேட்கவில்லை.

வூன்ஸ்ட்ரெக்ட் விமானத் தளத்துக்கு என்று ஒதுக்கிய அந்த 48 ஏவுகணைகள் கடைசிவரை வரவில்லை. 1987 டிசம்பரில் றேகனும் கொர்பசேவும் போட்ட ஒப்பந்தம் அந்த வகை ஆயுதத்தையே இல்லாமலாக்கியது. அந்த ஒப்பந்தமும் 2019இல் செத்துப்போனது. கஞ்சாப் பயிர்ச்செய்கைப் பாட்டு இன்னொரு திசையில் போயிற்று. பண்ணைவீட்டுக் கேலியாகத் தொடங்கிய விஷயத்தை இப்போது அரசே உரிமம் கொடுத்து, தரம் பார்த்து நடத்துகிறது. 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் நகரங்களில் அந்தச் சோதனைத் திட்டம் தொடங்கியது. பெலின்ஃபான்டே அன்று வேடிக்கையாக எடுத்த வகுப்பை இன்று அதிகாரிகள் கோப்பு வைத்து எடுக்கிறார்கள். 'டோரிஸ் டே'யின் சலிப்பும் மாறிவிட்டது. என் பேரப்பிள்ளைக்கு இரண்டு அலைவரிசை என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே நேரமெடுத்தது. ஆனால் கைத்தொலைபேசியை அரை மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று அவன் அதைக் கட்டிலில் எறிவதை நான் தினமும் பார்க்கிறேன். 'இஸ் டிட் அல்லெஸ்' மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டுக் கடன் கட்டி முடித்த மாதம் நானும் மனைவியும் அதைக் காரில் கேட்டுக்கொண்டு வந்தோம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், பேசாமல் வீடு வந்தோம்.

மாஸ்டர் பின்னர் கனடாவுக்குப் போய்விட்டார். அவருக்கு வேலை கிடைத்தது கணிதத்தில் அல்ல, கிடங்கொன்றில். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள்.

டூ மாரை விளையாட்டுக் குழு, சிறுபிள்ளைகளின் மோகம் என்று ஒதுக்கி எழுதியவர்கள் அந்த நாட்டில் நிறைய இருந்தார்கள். அது அநியாயம். ஒரு தலைமுறையின் பயத்தையும் சலிப்பையும் காதல் கூச்சத்தையும் இவ்வளவு லேசான கையால், இவ்வளவு நேர்மையாகச் சொன்ன குழு அந்த மொழியில் வேறில்லை. மொழி தெரியாதே என்று தயங்கவேண்டாம். எங்களுக்கும் அன்று தெரியாது. 1982இன் 'டோரிஸ் டே' தொகுப்பில் இருந்து தொடங்குங்கள், பிறகு 'ஸ்கங்க்'குக்குப் போங்கள். கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேஸ் கேட்காவிட்டால் வ்ரீன்டனைக் கேட்டதாகாது.